ஆயா என்றால் அக்கா

கொழும்பு, கொட்டாஞ்சேனை
1898 தை 20

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள பெரியக்கா செலீனாவுக்குத் தம்பி பெனடிக்ற் எழுதுவது. நானும் அடலைனும் சுகம். உங்கள் சுகத்தையும், சின்னக்கா பெற்றிசியா, அமிர்தநாயகம் அத்தான், பிள்ளைகள் சுகத்தையும் ஆண்டவரிடம் கேட்டபடி இருக்கிறேன். கலியாணத்துக்கு உங்களை அழைக்கவில்லை என்ற கோபம் இதற்குள் ஆறியிருக்கும். அந்த மாதம் கடல் மோசம் என்று அப்போதே எழுதியிருந்தேன்.

இப்போது அடலைன் பிள்ளைத்தாச்சி. ஆனியில் பிறக்கும் என்று டொக்டர் சொல்கிறார். வீட்டில் நம்பத்தக்க ஒருவர் வேண்டும். அம்மா செத்த நாளிலிருந்து என்னை இடுப்பில் சுமந்தது நீங்கள். என் பிள்ளையையும் நீங்கள்தான் வளர்க்க வேண்டும். ஞானஸ்நானத்தன்று அவனைத் தொட்டியில் ஏந்தப்போகிற ஞானத்தாயும் நீங்கள்தான். இது என் வாக்கு.

வருமுன் சில விசயங்களை மனதில் வைக்கவும். அடலைன் வீட்டார் ஒல்லாந்துப் பறங்கிகள். போர்த்துக்கேயப் பறங்கி என்றாலே சப்பாத்துத் தைக்கிறவர்கள் என்று மூக்கைச் சுளிப்பார்கள். தமிழர் என்றால் பேச்சே இல்லை. எங்கள் குரூஸ் என்ற பேரை நான் ஒல்லாந்தர் எழுதுகிற மாதிரி எழுதுகிறேன். மன்னார்க் கோட்டையில் இருந்த ஓர் ஒல்லாந்துக் கப்பித்தானின் வழியில் வந்தவன் என்று அவர்கள் எண்ணியிருக்கிறார்கள். நான் மறுக்கவில்லை.

ஆட்களுக்கு முன்னால் என்னைத் தம்பி என்று கூப்பிட வேண்டாம். கொழும்பில் தம்பி என்றால் தலையில் பெட்டி சுமந்து துணி விற்கிற சோனகர். துரை என்றால் போதும், வீட்டுத் தலைவனை இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். உங்களை ஆயா என்று கூப்பிடுவார்கள். திகைக்க வேண்டாம். அது பறங்கிச் சொல். ஆயா என்றால் அக்கா.

சரிபுதீன் மரைக்காரின் கருவாட்டுத் தோணி மாசி முடிவில் புறப்படும். அவரோடு கதைத்துவிட்டேன். நகை ஒன்றும் போட்டுக்கொண்டு வர வேண்டாம்.

உங்கள் தம்பி,
பெனடிக்ற்

*

மன்னார், தோட்டவெளி
1898 மாசி 11

என் தங்கத் தம்பிக்கு, அக்கா செலீனா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே சின்னவளுக்குக் கொஞ்சம் இருமல், மற்றப்படி எல்லாரும் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அடலைனுக்குக் கால் வீங்கினால் உப்பைக் குறைக்கச் சொல்லு.

உன் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஞானத்தாய் என்று எழுதியிருந்த இடத்தைப் பெற்றிசியாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். எனக்கென்று ஒரு பிள்ளையை ஆண்டவர் தரவில்லை, கட்டியவரையும் கடலுக்குக் கொடுத்துவிட்டேன். தொட்டியில் ஒரு பிள்ளையை ஏந்தினால் போதும், எனக்கு வேறு ஆசை இல்லை.

கப்பித்தான் விசயத்தில்தான் சிரிப்பு வந்தது. கோட்டைச் சிறைக்குள்ளே அப்பா மறியல்காரருக்குக் கஞ்சி காய்ச்சினார். கப்பித்தானும் கஞ்சி காய்ச்சினாரோ நான் அறியேன். பெற்றிசியா பொல்லாத வாய்க்காரி. "போர்த்துக்கேயன் தந்த பேரை ஒல்லாந்தனுக்குக் குடுத்திட்டான், சம்பளத்தை இங்கிலிசுக்காரனிட்ட வாங்குறான், எங்களுக்கு எண்டு என்னத்தை மிச்சம் வைச்சிருக்கிறான் எண்டு கேட்டு எழுதுங்கோ" என்கிறாள். நீ மனதில் வைக்காதே.

தம்பி என்று வாய்க்கு வந்தாலும் விழுங்கிவிடுவேன். ஆயா என்ற சொல் நன்றாகத்தான் இருக்கிறது.

உன் அக்கா,
செலீனா

*

கொழும்பு
1898 சித்திரை 17

அன்புத் தங்கச்சி பெற்றிசியாவுக்கு அக்கா எழுதுவது. மாதாவின் காவலில் சுகமாக வந்து சேர்ந்து இருக்கிறேன். உன் சுகமும் பிள்ளைகள் சுகமும் அறிய ஆவல்.

அடியே, வீடென்றால் வீடு. விறாந்தையில் மட்டும் கதிரை பதினைந்து இருக்கும். அலுமாரிக்குள் பீங்கான், சுவரில் யாரோ ஒரு தாடிக்காரக் கிழவன். அவர்தான் எங்கள் கப்பித்தானாம்! தம்பி ஏலத்தில் வாங்கியது. அந்தக் கிழவனுக்கும் எங்களுக்கும் சொந்தம் உண்டென்று அப்பா அறியாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

என்னை விட்டால் இங்கே ஓர் அலுவலும் நடக்காது. காலையில் எழும்பினால் ஆயா, படுக்கப்போனால் ஆயா. அடலைன் நல்ல பிள்ளை, கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். அவளுடைய தாயாரான பெரிய துரைசானிக்குத்தான் குரல் கொஞ்சம் உயரம். எனக்குச் சமையல் குசினிக்குப் பின்னால் ஓர் அறை. காற்று நன்றாக வரும்.

மாலையில் கடற்கரைக்குப் போனால் மற்ற வீட்டு ஆயாமாரையும் காணலாம். தள்ளுவண்டியில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வரிசையாக இருப்பார்கள். ஒரு புதினம் பார், இந்த ஊரில் எல்லா வீட்டிலும் அக்கா கறுப்பு, தங்கச்சி வெளுப்பு. வெயில் அக்காமாருக்கு மட்டும் எறிக்கிறது போல.

தம்பி கந்தோர் வேலை முடிந்து வரப் பொழுது பட்டுவிடும். தனியாகக் கண்டால் "சாப்பிட்டீங்களோ அக்கா?" என்று மெதுவாகக் கேட்பான்.

செலீனா

*

தோட்டவெளி
1898 வைகாசி 9

கொழும்புத் துரைமார் வீட்டு ஆயா அவர்களுக்கு, கஞ்சி காய்ச்சியவரின் சின்ன மகள் பணிவோடு எழுதுவது. நாங்கள் குறைவில்லாமல் இருக்கிறோம். உங்கள் முழங்கால் வருத்தம் எப்படி?

உங்கள் கடிதத்தைப் பக்கத்து வளவு றாபியாவுக்கும் வாசித்துக் காட்டினேன். பதினைந்து கதிரை என்றதும் வாயைப் பிளந்தாள். எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் பாவசங்கீர்த்தனத்தில் இன்னொரு பொய் சேரும். நான் இங்கே நெத்தலி காய வைத்துக் கையெல்லாம் நாறிக் கிடக்க, நீங்கள் பீங்கானில் சாப்பிடுகிறீர்கள்.

எங்கே, சாப்பாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே? மேசையில் உங்களுக்கு எந்தப் பக்கக் கதிரை? தம்பிக்குப் பக்கத்திலா, பெரிய துரைசானிக்குப் பக்கத்திலா? முள்ளுக்கரண்டியால் சாப்பிடப் பழகிவிட்டீர்களா? எல்லாம் விபரமாக எழுதுங்கள்.

பெற்றிசியா

*

கொழும்பு
1898 ஆனி 28

அன்புத் தங்கச்சிக்கு, சேசுவுக்குத் தோத்திரம். ஆண் பிள்ளை! தாயும் பிள்ளையும் சுகம். அங்கே நீங்கள் எல்லாரும் சுகமாக இருக்க என் செபம்.

முதலில் கையில் வாங்கியது நான். மருத்துவச்சி துணியோடு தூக்கி என் கையில் தந்தாள். தம்பி பிறந்தபோது எப்படி மூக்கைச் சுருக்கினானோ அதே சுருக்கம். அழுதுவிட்டேன். கப்பித்தானின் பேரென்று சொல்லி வில்லம் என்று வைக்கப்போகிறார்கள். எனக்கு அவன் ராசா.

இரவில் அவனுடைய தொட்டிலுக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுக்கிறேன். அவன் அசைந்தால் எனக்கு விழிப்பு வரும். அடலைன் பாவம், அவளை எழுப்புவதில்லை.

ஞானஸ்நானம் புரட்டாதியில். எனக்கென்று இரண்டு வெள்ளைச் சட்டை தைத்துத் தந்திருக்கிறார்கள், கழுத்தில் லேஸ் வைத்து. தங்கச்சி, அதைப் போட்டுக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறேன் என்று நினைத்து இப்போதே அதை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.

நீ ஏதோ கேட்டிருந்தாய், பிள்ளை அழுகிறான், மறந்துபோனேன்.

செலீனா

*

தோட்டவெளி
1898 ஆடி 24

பெனடிக்றுக்கு, சின்னக்கா. நீ சுகமாகத்தான் இருப்பாய், அதை நான் கேட்கத் தேவையில்லை.

சரிபுதீன் மரைக்காரின் மருமகன் வஸீர் புறக்கோட்டைக் கடையிலிருந்து பள்ளிவாசல் கந்தூரிக்கு ஊருக்கு வந்திருந்தான். கருவாடு கொடுக்க உன் வீட்டுக்கு வந்தானாம். முன்வாசலில் நிற்க விடாமல் குசினிப் பக்கம் போகச் சொன்னார்களாம். அங்கே பெரியக்கா நிலத்தில் குந்தி இருந்து, நீங்கள் சாப்பிட்டு மிஞ்சியதைச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தாவாம். "அக்கா, கோவிக்காதீங்கோ. ஆயா எண்டால் பிள்ளை தூக்குற வேலைக்காரி. கொழும்பில சின்னப் பிள்ளைக்கும் தெரியும்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். சொன்னவன் நீங்கள் எல்லாம் தம்பி என்று இளக்காரமாகக் கூப்பிடுகிற சாதி. அவனுக்கு வெட்கமாக இருந்தது, உனக்கு இல்லை.

உனக்குப் பால் வாங்கத் தன் தாலிக்கொடியைக் கழற்றியவள் அவள். அதை நான் இப்போது சொல்லிக்காட்டவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். ஞானஸ்நானத்தில் பிள்ளையை அவள் ஏந்த வேண்டும். நீ கொடுத்த வாக்கு. அதை நிறைவேற்று, நான் இந்தச் சொல்லின் பொருளை அவளுக்கு எழுத மாட்டேன்.

பெற்றிசியா

*

கொழும்பு, துறைமுகக் கந்தோர்
1898 ஆவணி 13

அன்புள்ள சின்னக்காவுக்கு, நலம். நலமறிய ஆவல்.

நீங்கள் கோபத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஆறுதலாக யோசிக்கவும். பெரியக்கா இங்கே சந்தோசமாக இருக்கிறா. வாழ்க்கையில் முதல் தரம் ஒரு பிள்ளையைக் கையில் வைத்திருக்கிறா. மற்றப்படி அவவை நான் இந்த வீட்டுக்குள் எப்படிக் கொண்டுவந்திருக்க முடியும்? ஆயா என்ற பேரால் வந்தபடியால்தான் வந்தா.

ஞானஸ்நானம் எங்கள் கோவிலில் அல்ல, ஒல்லாந்தர் கோவிலில். நானும் கலியாணத்தோடு அங்கே சேர்ந்துவிட்டேன். இது பெரியக்காவுக்குத் தெரியாது. அங்கே கத்தோலிக்க ஞானத்தாய்க்கு இடமில்லை, ஆகையால் என் வாக்கைப் பற்றிப் பேசுவதில் பிரயோசனம் இல்லை.

பொருளை எழுதுவேன் என்று பயமுறுத்துகிறீர்கள். எழுதுங்கோ. அவ அழுவா, பிள்ளையை விட்டுவிட்டு வருவா, உங்கள் வளவில் கிடந்து சாவா. நான் அவவிடம் பொய் சொன்னேன், உண்மைதான். ஆனால் என் பொய்யால் அவ சிரித்துக்கொண்டு இருக்கிறா. உங்கள் உண்மையால் என்ன செய்யப்போகிறா? முடிவு உங்களுடையது.

பெனடிக்ற்

*

கொழும்பு
1898 ஐப்பசி 2

அன்புத் தங்கச்சிக்கு, உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் கடிதம் கண்டு நாலு மாதம், நீயும் பிள்ளைகளும் சுகம்தானே?

ஞானஸ்நானம் நடந்தது. லேஸ் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். பிள்ளையைக் கோவில் வாசல் வரைக்கும் நான்தான் தூக்கினேன். வாசலில் அடலைனின் சித்தி வாங்கிக்கொண்டா. உள்ளே சுரூபமும் இல்லை, மெழுகுதிரியும் இல்லை. எங்கள் வேதத்தை விட்டுப் பிரிந்த பதிதர் கோவில் என்று அப்போதுதான் விளங்கிற்று. வெளியே ஒரு மரம் நின்றது, அதன் கீழே மற்ற ஆயாமாரோடு இருந்தேன். அவன் தண்ணீர் பட்டு அழுத சத்தம் எனக்குக் கேட்டது.

தங்கச்சி, நீ அறிந்துகொண்டுதான் எழுதாமல் இருக்கிறாய். வஸீர் என்னைக் கண்டவன், ஊருக்குப் போய்ச் சொல்லாமல் இருக்க மாட்டான். அந்தச் சொல்லின் பொருள் எனக்கு வந்த இரண்டாம் கிழமையே தெரியும். குசினியில் சமைக்கிற கோக்கி மனிசி சொல்லிச் சிரித்தாள். கேட்டுவிட்டு நானும் சிரித்தேன், பிறகு அறைக்குள் போய்ச் சேலையை வாய்க்குள் அடைத்துக்கொண்டு அழுதேன். உனக்கு எழுத வெட்கமாக இருந்தது, அதால் பெருமையை எழுதினேன். எனக்குத் தெரியும் என்பது தம்பிக்குத் தெரியாது. சொல்லாதே, பிறகு என் முகத்தைப் பார்க்க மாட்டான்.

வா என்று எழுதப்போகிறாய். வர மாட்டேன். உன் பிள்ளைகளுக்கு நான் பெரியம்மா. தகப்பனுடைய அக்கா என்ற முறையில் மாமி என்று என்னைக் கூப்பிட உரித்துள்ள பிள்ளை உலகத்தில் இவன் ஒருவன்தான். தொட்டியில் ஏந்தவில்லை, போகட்டும். அவன் வாயால் ஒருக்கால் மாமி என்று கேட்க வேண்டும். ஆட்கள் இல்லாத நேரம் காதுக்குள் சொல்லிக்கொடுக்கிறேன். என் வாயைப் பார்த்துக்கொண்டு இருப்பான். கேட்டுவிட்டு வந்துவிடுவேன்.

செலீனா

*

தோட்டவெளி
1899 பங்குனி 6

அன்புள்ள அக்காவுக்கு, உங்களிடமிருந்து ஐந்து மாதமாகக் கடிதம் இல்லை. சுகமோ சுகமில்லையோ, இரண்டில் ஒன்றை எழுதுங்கள்.

உங்களில் எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அளவில்லை. ஒரு சொல்லுக்காக எச்சில் சாப்பிடுகிறீர்கள். மாமி என்று ஒரு பிள்ளை கூப்பிட்டால் என்ன, கூப்பிடாவிட்டால் என்ன? அந்தப் பிள்ளைக்கு நானும் மாமிதான். நான் செத்தா போய்விட்டேன்?

சரி, திட்டியது போதும். உங்கள் பாயை வெயிலில் போட்டு எடுத்து வைத்திருக்கிறேன். வாங்கோ அக்கா.

பெற்றிசியா

*

கொழும்பு, புறக்கோட்டை
1899 ஐப்பசி 19

அன்புத் தங்கச்சிக்கு, வஸீரும் அவன் மனிசி றம்லாவும் என்னை நன்றாகப் பார்க்கிறார்கள். காய்ச்சல் விட்டுவிட்டது. நீ பதறாதே. தோணி காற்றுக்காக நிற்கிறது, இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்து சேரும்.

அவன் சொல்லிவிட்டான், பெற்றிசியா. மாமி என்று சொல்லிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் விறாந்தை நிறைய ஆட்கள். அடலைனின் சொந்தக்காரர் எல்லாரும் தேத்தண்ணிக்கு வந்திருந்தார்கள். பிள்ளை தாயின் மடியில் இருந்தான். நான் பிஸ்கற் தட்டோடு வந்தேன். என்னைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டி, "மாமி! மாமி!" என்று கத்தினான். இவ்வளவு நாளும் காதுக்குள் சொன்னதை ஊர் கேட்கச் சொன்னான். தட்டை வைத்துவிட்டுத் தூக்கிவிட்டேன்.

அடலைனின் முகம் செத்துப்போயிற்று. எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர்களுடைய பாசையில் தாயைக் கூப்பிடுகிற சொல் மம்மி. அவன் இன்னும் ஒரு நாளும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. பெற்றவளின் மடியில் இருந்துகொண்டு வேலைக்காரியை அம்மா என்கிறான் என்று எல்லாரும் எண்ணிவிட்டார்கள். யாரோ சிரித்தார்கள். அடலைன் அழுதுகொண்டு உள்ளே ஓடினாள். நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

பெரிய துரைசானி எழும்பித் தம்பியிடம் வந்தா. இந்த ஒன்றரை வருசத்தில் எனக்கு அவ்வளவு இங்கிலிசு விளங்கும். "உன் ஆயா என்ன சொல்லிக்கொடுத்திருக்கிறாள்? உங்கள் ஊர்ப் பக்கம் அப்படி ஒரு சொல் இருக்கிறதா, அதற்கு வேறு பொருள் இருக்கிறதா?" என்று கேட்டா. நியாயமாகத்தான் கேட்டா. அந்த விறாந்தையில் அந்தச் சொல் தெரிந்தவன் அவன் ஒருவன். நான் அவனைப் பார்த்தேன். அவனும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: அப்படி ஒரு சொல் இல்லை.

அன்று இரவே போகச் சொன்னார்கள். படலையைத் திறந்து விடும்போது தம்பி ஒரு கடதாசி தந்தான். வேறு வீட்டில் வேலை தேடினால் காட்டலாமாம். வஸீர் வாசித்தான்: கள்ளம் இல்லாதவள், சுத்தமானவள், பிள்ளைகளில் பிரியமுள்ளவள். தெரு முனை வரைக்கும் பிள்ளை கத்தின சத்தம் வந்தது. மாமி, மாமி என்று.

செலீனா

*

தோட்டவெளி
1899 கார்த்திகை 15

பெனடிக்றுக்கு, பெற்றிசியா எழுதுவது. அக்கா உயிரோடு வந்து சேர்ந்தா. சாப்பிட வைத்தால் நிலத்தில் குந்துகிறா, கதிரையில் இருக்கச் சொன்னால் பயப்படுகிறா. சுகம் என்று இதற்குப் பேர் வைக்கலாமென்றால் வைத்துக்கொள்.

ஞாயமும் பேச மாட்டேன், சாபமும் போட மாட்டேன். மாமி என்றால் தகப்பனுடைய சகோதரி என்று உன் மனிசிக்குச் சொல்லு. உலகத்துக்குச் சொல்ல வேண்டாம், அவளுக்கு மட்டும் சொல்லு. தன் பிள்ளை தன்னை மறுக்கவில்லை என்று அவளாவது நிம்மதியாகத் தூங்கட்டும். அக்கா கேட்டது இவ்வளவுதான். நாளுக்கு நாலு தரம் பிள்ளை சுகமோ என்று கேட்கிறா, அதற்கும் ஒரு வரி எழுது.

பெற்றிசியா

*

கொழும்பு
1899 மார்கழி 10

சின்னக்காவுக்கு, பாலன் பிறப்புக் காலத்தில் எல்லாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நாங்கள் நலம். உங்கள் கடிதம் கந்தோருக்கு வந்தபடியால் தப்பினேன். இனி எழுத வேண்டாம்.

நீங்கள் கேட்டதைச் செய்ய முடியாது. மாமி என்றால் என் அக்கா என்று சொன்னால், அடுத்த கேள்வி என் அக்கா யார் என்பது. அதற்குப் பிறகு நானும் இல்லை, என் பிள்ளையின் பேரும் இல்லை.

வில்லத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் கிழமை முழுக்கப் பின்கதவைத் தட்டித் தட்டி அந்தச் சொல்லையே சொல்லிக்கொண்டு இருந்தான். அடலைனுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. அது வாயில் வரும்போதெல்லாம் நாக்கில் காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொயினாத் தூள் வைக்கச் சொன்னா அவளுடைய தாயார். வேலைக்காரரிடம் விட மனமில்லை, ஆகையால் நான்தான் தாடையைப் பிடித்தேன். கைப்புக்குப் பயந்து சீக்கிரம் விட்டுவிட்டான்.

இப்போது எந்தச் சொல்லும் சொல்வதில்லை. யாராவது கிட்டப் போனால் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்கிறான். தானாகச் சரிவரும் என்று டொக்டர் சொல்கிறார். அடலைனின் தாயாருக்குத் திருப்தி. பழையதெல்லாம் போய்விட்டது, இனி இங்கிலிசு சுத்தமாக ஏறும் என்கிறா.

பெரியக்கா கேட்டால் பிள்ளை நல்ல சுகம் என்று சொல்லவும்.

பெனடிக்ற்